உரலுக்குள் போகும் கை: டைமிங் பெல்ட் எப்படி இயங்குகிறது?

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதே எங்கள் வீட்டுப் பின்கட்டில் உரல் சத்தம் தொடங்கிவிடும். ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பச்சரிசி அதிரசத்துக்கு இடிபடும். அத்தை நின்றுகொண்டு உலக்கை போடுவார். அப்பத்தா பக்கத்தில் மனைப்பலகையில் உட்கார்ந்து, குழியின் ஓரத்தில் ஏறிக்கொள்ளும் அரிசியைக் கையால் உள்ளே தள்ளிவிடுவார். இரண்டு இடிக்கு ஒரு தள்ளு. இரும்புப் பூண் போட்ட உலக்கை எந்தக் குழியில் விழுகிறதோ, அதே குழிக்குள் அந்தக் கையும் போய்ப் போய் வரும். அப்பத்தா உலக்கையைப் பார்க்கவே மாட்டார். பேசிக்கொண்டே தள்ளுவார். நானும் தள்ளிவிடுவேன் என்று ஒரு வருஷம் அடம்பிடித்தபோது, "உலக்கையப் பாத்துக் கைய விடாதடா, சத்தத்தக் கேட்டு விடு" என்றார்.

கார் எஞ்சினின் மேல்பாதி முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடுகிறது.

உரலைத் தலைகீழாகக் கவிழ்த்து, உலக்கை கீழிருந்து மேல்நோக்கி இடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உரல் சிலிண்டர். உலக்கை பிஸ்டன். உரல் குழி இப்போது மேலே இருக்கிறது, எரிபொருள் எரிவது அங்கேதான். அந்தக் குழியில் இரண்டு வாசல்கள். ஒன்றின் வழியே காற்று உள்ளே வரும், இன்னொன்றின் வழியே எரிந்த புகை வெளியே போகும். வாசல்களுக்குக் கதவாக இருப்பவை வால்வுகள். நீளக் காம்புள்ள காளான் மாதிரி இருக்கும் எஃகுத் துண்டு. அது திறக்கும்போது காளானின் குடை குழிக்குள் சுமார் 8 முதல் 10 மி.மீ. வரை இறங்கும். அப்பத்தாவின் கை இறங்குவதுபோலத்தான்.

பிஸ்டன் கீழே போகிறது, உள்வாசல் திறந்து காற்று வருகிறது. மேலே ஏறுகிறது, இரண்டு வாசலும் மூடிக் காற்று நசுங்குகிறது. எரிபொருள் எரிந்து பிஸ்டனைக் கீழே உதைக்கிறது. மறுபடி ஏறுகிறது, வெளிவாசல் திறந்து புகை போகிறது. பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால் ஒரு சமையல் முடிந்தது. அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு தடவைதான் திறக்கிறது. இரண்டு இடிக்கு ஒரு கை. இந்தக் கணக்குப் பிசகாமல் இருக்கத்தான், பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் ஷாஃப்டில் 20 பல் இருந்தால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் சக்கரத்தில் 40 பல் இருக்கும். கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று.

சாதாரணமாக நெடுஞ்சாலையில் போகிற வண்டியில் கிராங்க் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு வால்வும் நொடிக்குப் பதினாறு பதினேழு தடவை குழிக்குள் இறங்கி ஏறுகிறது. அந்த வேகத்தில் பார்த்துக் கைவிட யாராலும் ஆகாது. கேட்டுத்தான் விட வேண்டும். அத்தை ஒவ்வொரு இடிக்கும் விடும் 'ஸ்… ஸ்…' என்ற மூச்சு அப்பத்தாவின் காதுக்கு எதுவோ, அதுதான் கேம் ஷாஃப்டுக்கு டைமிங் பெல்ட். உலக்கை இப்போது எங்கே இருக்கிறது என்ற செய்தியைக் கீழிருந்து மேலே கொண்டுபோகும் ஒரே ஆள் அது.

பெல்ட் என்றதும் பலரும் கிரைண்டர் பெல்ட்டை நினைத்துக்கொள்கிறார்கள். மோட்டாரிலிருந்து கிரைண்டர் பானைக்குப் போகும் அந்தப் பெல்ட் வழவழப்பானது. தளர்ந்தால் வழுக்கும், கீச்சென்று கத்தும், மாவு அரைபடக் கால்மணி நேரம் கூட ஆகும். அவ்வளவுதான் நஷ்டம். காரிலும் அந்த வகை ஒன்று வெளியே ஓடுகிறது, டைனமோவையும் ஏசியையும் சுற்ற. டைமிங் பெல்ட் வேறு சாதி. உட்பக்கம் பற்கள் உள்ள பெல்ட் அது. ஒரு பல் நழுவினால்கூட உள்ளே தாளம் மாறிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், இழுவை குறையும், புகை வரும். எத்தனை பல் நழுவினால் கை உலக்கையில் படும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

1960-கள் வரை இந்த வேலையைக் கார்களில் செயினும் பல்சக்கரமும்தான் பார்த்துவந்தன. பெருமளவில் தயாரான கார்களில், 1962-ல் சந்தைக்கு வந்த ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார்தான் பல்லுள்ள ரப்பர் பெல்ட்டை இந்த வேலைக்கு முதன்முதலில் போட்டது. சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் வேண்டாம், விலையும் மலிவு. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊரில் மாருதி 800, பழைய சான்ட்ரோ, டீசல் இண்டிகா, டஸ்டர் டீசல், 2.5 லிட்டர் டீசல் இன்னோவா எல்லாம் பெல்ட் வண்டிகள். ஸ்விஃப்டின் 1.3 டீசல் எஞ்சின் செயின் வண்டி.

கழற்றிய பழைய பெல்ட் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டு விரல் அகலம்கூட இல்லை. முதுகு ரப்பர். பற்களின் மேல் நைலான் துணி ஒட்டியிருக்கிறது. விளிம்பில் ரப்பர் தேய்ந்த இடத்தில் மெல்லிய வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை கண்ணாடி இழைகள். பெல்ட்டின் உயிர் அந்த நூல்தான், ரப்பர் அதற்குப் போர்வை. இழுத்தால் நீளாது என்பதற்காகவே கண்ணாடி இழையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கண்ணாடிக்கு மடங்கத் தெரியாது. புதுப் பெல்ட்டைச் சப்பாத்தி மாதிரி மடித்துப் பையில் திணித்துக்கொண்டு வந்தாலே உள்ளே இழைகள் முறியக்கூடும். வெளியில் ஒரு கீறலும் தெரியாது.

இந்தப் பெல்ட் எவ்வளவு உழைக்கிறது என்று ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோமீட்டருக்குக் கிராங்க் சுமார் 2,000 சுற்று என்று வைத்தால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு 20 கோடிச் சுற்று. அவ்வளவும் வால்வு ஸ்பிரிங்குகளை அழுத்திக்கொண்டே. ஸ்பிரிங்கை அழுத்தும்போது பெல்ட் விறைக்கும், ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்போது தளரும். விறைப்பும் தளர்வுமாக, எஞ்சின் சூட்டில், மூடிக்குள் காற்றோட்டமில்லாத இடத்தில்.

சமையலறை ரப்பரைப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. குக்கர் கேஸ்கட் இரண்டு வருஷத்தில் விறைத்துப்போகும். விசில் வராது, ஓரத்தில் ஆவி சீறும், உடனே மாற்றிவிடுவோம். கேஸ்கட் சொல்லிவிட்டுப் போகிற ரப்பர். சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வரும் ஆரஞ்சு நிறக் கேஸ் டியூபை யோசித்துப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று யாரும் விட்டுவைக்கக் கூடாது. வெடிப்பு தெரிகிற வரை காத்திருக்கும் பொருள் இல்லை அது. தேதி பார்த்து மாற்றும் பொருள். டைமிங் பெல்ட்டும் அந்த இனம்தான். இப்போது வரும் பெல்ட்டுகளின் ரப்பர் முன்பைவிட உயர்ந்தது. அதனால் ஆயுள் முடியும் நேரத்திலும் வெடிப்பு விழாமல் புதுசு மாதிரியே இருக்கும். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "இன்னும் இருபதாயிரம் ஓடும் சார்" என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் இரண்டாம் கையாக ஒரு டீசல் கார் வாங்கினேன். பெல்ட் மாற்றியாயிற்று என்று விற்றவர் சொன்னார். பில் கேட்கவில்லை. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும்போது துவரங்குறிச்சி தாண்டி, 80 கி.மீ. வேகத்தில், ஒரு சின்ன 'டப்'. அதற்கு முன்னால் ஒரு முனகலும் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. பிரேக் இரண்டு மூன்று மிதிக்கு வேலை செய்யும், பிறகு அதுவும் இறுகும் என்பது நல்லவேளையாக நினைவு வந்தது. விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்தி இடது ஓரம் ஒதுக்கினேன். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் எடுத்தது. ஆனால் வழக்கமான 'உர்… உர்…' இல்லை. எந்தத் தடையும் இல்லாமல் வெறும் பம்பரம் மாதிரி விர்ரென்று சுற்றியது.

மெக்கானிக்குக்குப் போன் செய்து அந்தச் சத்தத்தைச் சொன்னேன். "சாவியிலேர்ந்து கைய எடுங்க சார். இனிமே ஒரு தடவகூடச் செல்ஃப் அடிக்காதீங்க" என்றார்.

பெல்ட் அறுந்த அந்த நொடியில் நடந்தது இதுதான். கேம் ஷாஃப்டுக்குச் செய்தி நின்றுபோயிற்று. அது அப்படியே நின்றது. நின்ற நிலையில் சில வால்வுகள் மூடியிருக்கும், சில குழிக்குள் இறங்கித் திறந்தபடி இருக்கும். கீழே கிராங்க் நிற்கவில்லை. சக்கரம் உருள்கிறது, கியர் விழுந்திருக்கிறது, 80 கி.மீ. வேகத்தில் வண்டியின் எடையே கிராங்கைச் சுற்றுகிறது, நொடிக்கு முப்பது சுற்றுக்கு மேல். அத்தை இடிப்பதை நிறுத்தவில்லை, அப்பத்தா கையை எடுக்கவில்லை. கிளட்ச்சை மிதிக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் பிஸ்டன்கள் பல பத்துத் தடவை மேலே வந்து போயிருக்கும். உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்கு அஞ்சலாமா என்பார்களே, வால்வுக்கு அஞ்சுவதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை இறக்கியபின் எட்டு வால்வுகளையும் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்தார் மெக்கானிக். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிச் சில்லின்மேல் உருட்டினார். மூன்று, பென்சில் மாதிரி நேராக உருண்டன. ஐந்து, தலையை ஆட்டிக்கொண்டே உருண்டன. கண்ணுக்கு வளைவு தெரியவில்லை, உருளும்போதுதான் தெரிந்தது. பிஸ்டன்களின் தலையில் பிறை நிலா மாதிரி வெட்டுத் தடங்கள். வளைந்த வால்வு வாசலில் சரியாக உட்காராது, காற்று நசுங்காது. செல்ஃப் அவ்வளவு லேசாகச் சுற்றியதற்கு அதுதான் காரணம். வால்வுகள், கைடுகள், ஹெட் கேஸ்கட், லேத் வேலை எல்லாம் சேர்த்துக் கொடுத்த தொகையில், சரியான நேரத்தில் பெல்ட் செட்டை ஆறு தடவை மாற்றியிருக்கலாம்.

எல்லா எஞ்சினிலும் இப்படி ஆகாது. குழிக்குள் கைவிடாமல், உரலின் விளிம்பில் சிந்துவதை மட்டும் தள்ளிவிடுகிற கை அடிபடாது. சில பழைய பெட்ரோல் எஞ்சின்கள் அந்த மாதிரி. வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் பிஸ்டன் அதைத் தொடாது. பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், புதுசு போட்டால் கிளம்பிவிடும். இன்றைய எஞ்சின்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. காற்றை நன்றாக நசுக்க வேண்டுமானால் குழி சின்னதாக இருக்க வேண்டும். டீசலில் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக நசுக்கினால்தான் அந்தச் சூட்டில் டீசல் பற்றும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டர் அளவு இடம்தான். அங்கே வால்வு திறந்து நிற்க இடமே இல்லை. டீசல் வண்டி, பெல்ட் டைமிங் என்றால் தேதியைத் தள்ளிப்போடவே கூடாது.

எப்போது மாற்றுவது? கணக்கு இரண்டு. ஒன்று கிலோமீட்டர், இன்னொன்று வயது. எது முதலில் வருகிறதோ அது. எஞ்சினைப் பொறுத்து 60,000 கி.மீ. என்றும் இருக்கும், 1,50,000 என்றும் இருக்கும். வயது வரம்பு பெரும்பாலும் ஐந்து வருஷத்திலிருந்து பத்து வருஷத்துக்குள். உங்கள் வண்டிக்கு என்ன என்பது வண்டியோடு வந்த கையேட்டில் அச்சாகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்குச் சொன்னது உங்கள் வண்டிக்கு ஆகாது. ஒரே பெயரில் ஓடும் காரில்கூடப் பெட்ரோலுக்கு ஒரு கணக்கு, டீசலுக்கு வேறு கணக்கு.

வயதைத்தான் மக்கள் மறந்துவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற பெரியவர் வீட்டுக் கார், ஏழு வருஷத்தில் 22,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, அதற்கு எதற்குப் பெல்ட் என்று கேட்பார்கள். பரணில் போட்டுவைத்த கேஸ்கட் உபயோகிக்காமலே விறைத்துப்போவதை அதே வீட்டில் பார்த்திருப்பார்கள். ரப்பர் சும்மா இருந்தாலும் கிழடு தட்டும். நின்றே கிடக்கும் வண்டியில் பெல்ட் ஒரே வளைவில் மாதக்கணக்கில் இருப்பதும் நல்லதில்லை.

கிலோமீட்டரும் முழு உண்மை சொல்லாது. சென்னையில் ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும் வண்டிக்கு மீட்டர் நகர்வதில்லை, பெல்ட் நகர்கிறது. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு மணி நேரத்துக்கு 48,000 சுற்று. என் கணக்கில் 24 கி.மீ. ஓடியதற்குச் சமம். விமான நிலைய வாசலில் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கும் கால் டாக்சி ஓட்டுநர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். புழுதி, கடும் வெயில், நின்று நின்று போகும் ஓட்டம் உள்ள இடங்களுக்குச் சில கையேடுகளே குறைந்த கிலோமீட்டரைத் தனியாகச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கில்தான் வரும் என்பது என் எண்ணம்.

டொயோட்டா டீசல் வண்டிகளில் டேஷ்போர்டில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கு உண்டு. அது பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் விளக்கு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் கிலோமீட்டர் எண்ணி. குறித்த எண் வந்ததும் எரியும். பெல்ட்டை மாற்றாமலே அதை அணைத்துவிடவும் முடியும். பழைய வண்டி வாங்கும்போது அந்த விளக்கு எரியவில்லை என்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெல்ட் மாற்றிய தேதி, கிலோமீட்டர், உதிரிபாக எண் மூன்றும் உள்ள பில் வேண்டும். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரத்தில் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண். மிக்ஸி ஜாரின் பிளேடைக் கழற்றினால் புஷ், வாஷர், அடியில் உள்ள கப்ளர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றித் தருவார் கடைக்காரர். திரும்பத் திரும்பக் கழற்றுவதுதான் செலவு என்பது அவருக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதைத் திருப்பிவிடும் ஐட்லர் இரண்டும் பேரிங்கில் சுற்றும் சக்கரங்கள். பெல்ட் எத்தனை கோடிச் சுற்று சுற்றியதோ அதைவிட அதிகமாக அவை சுற்றியிருக்கும். புதுப் பெல்ட்டின் கீழ் பழைய டென்ஷனர் இறுகி நின்றால் புதுப் பெல்ட்தான் அறுபடும். பல எஞ்சின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. அப்படியென்றால் அதையும் மாற்றிவிட வேண்டும். பம்ப் கசிந்தால் கூலன்ட் நேராகப் பெல்ட்டில் இறங்கும். கிராங்க் சீல், கேம் சீல் ஓரத்தில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் அதையும் அன்றைக்கே. எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பிப் பிசுபிசுத்துப் போவதை அடுப்புக்குப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள்.

எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிற பெல்ட்டும் உண்டு. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் அப்படித்தான், நம் ஊரில் ஈகோஸ்போர்ட்டில் வந்தது. அதற்கென்றே செய்த ரப்பர், ஆனால் சொன்ன தர எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. ஆயில் மாற்றுவதையும் தள்ளிப்போடக் கூடாது. ரப்பர் துணுக்குகள் உதிர்ந்தால் அவை எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொள்ளும், எஞ்சினே எண்ணெய் இல்லாமல் தவிக்கும். செயின் வண்டி வைத்திருப்பவர்களும் ஆயில் விஷயத்தில் இதே அளவு கவனமாக இருக்க வேண்டும். தேய்ந்த செயின் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கரகரவென்று சொல்லிவிடும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஸ்கூட்டரில் பெல்ட் மாற்றினேன் என்பார்கள், அது சக்கரத்துக்குப் போகும் டிரைவ் பெல்ட். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த டீசல் காருக்கு இரண்டாவது முறை பெல்ட் மாற்றியபோது கூடவே நின்றிருந்தேன். கிராங்க் சக்கரத்தில் ஒரு கோடு, கேம் சக்கரத்தில் ஒரு கோடு. இரண்டையும் அதனதன் குறிக்கு நேராக நிறுத்திப் பின்களைச் செருகிய பிறகுதான் பழையதைக் கழற்றினார் மெக்கானிக். கையைத் துணியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு புதியதை எடுத்தார். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவில்லை, விரலால் மட்டும் ஏற்றினார். டென்ஷனரை அளவுக்கு இறுக்கினார், பின்களை உருவினார். இனி ஸ்டார்ட் செய்வார் என்று சாவியோடு போனேன். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டு, மெதுவாக, கையாலேயே சுற்றினார். எங்கேயாவது தட்டுகிறதா என்று காதை எஞ்சின் பக்கம் சாய்த்திருந்தார். கிராங்க் ஒரு சுற்று, கேம் அரைச் சுற்று. கிராங்க் இரண்டாவது சுற்று. இரண்டு கோடுகளும் அதனதன் குறிக்கு நேராக வந்து நின்றன. எங்கும் எதுவும் தட்டவில்லை. மூடியைப் போட்டு, அதன்மேல் பெயின்ட் பேனாவால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி, மை காயும்வரை ஊதினார். அப்புறம்தான் "இப்ப செல்ஃப் அடிங்க சார்" என்றார்.